ஆய்வேடு முடிவது வேறு, பட்டம் முடிவது வேறு: வேலூர்ப் பக்கம் புதிதாகப் பதிவு செய்தவர்களுக்கு

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த முதல் மாதத்தில் எல்லோரும் தலைப்பைப் பற்றித்தான் கேட்பார்கள். "தலைப்பு ஓகே ஆகிவிட்டதா? கைட் (நெறியாளர்) யார்?" கடைசி வருடத்தில் வரும் கேள்விகள் வேறு. மூன்றாம் வருடக் கட்டண ரசீது எங்கே? கோர்ஸ் ஒர்க் (ஆய்வாளர் படித்துத் தேற வேண்டிய பாடங்கள்) மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் ஏன் மாறியிருக்கிறது? நாலாவது ஆய்வுக் கமிட்டி அறிக்கையில் ஒரு கையெழுத்து ஏன் இல்லை? ஆய்வேட்டை எழுதி, பைண்டிங் போட்டு, வீட்டு பீரோவில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளுக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருத்தி.

குடியாத்தத்தில் ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரத்தில் ஆய்வு முடித்தேன். செங்கம் வட்டார நடுகற்கள் என் தலைப்பு. பள்ளிகொண்டா வழியாக வேலூர் போய்த் திரும்பும் பேருந்தில்தான் பாதி ஆய்வேட்டைத் திருத்தினேன். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் பதிவு செய்தபோது அவர்களுடைய கோப்புகளை எடுத்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். பீடி சுற்றும் வீட்டிலிருந்தும், தறி ஓடும் வீட்டிலிருந்தும், ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் வீட்டிலிருந்தும் முதல் தலைமுறையாக வருகிறவர்கள் அவர்கள். படிப்பில் குறை இல்லை. எந்தக் காகிதம் எப்போது வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் யார் பட்டம் தருகிறார்கள் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பழைய வட ஆற்காடு பகுதியின் கலை, அறிவியல் கல்லூரிகளுக்குத் திருவள்ளுவர் பல்கலைக்கழகம்தான் தாய். 2002-இல் தொடங்கப்பட்டது, காட்பாடியை அடுத்த சேர்க்காட்டில் இருக்கிறது. உங்கள் கைட் வேலூர் ஊரீசு கல்லூரியில் இருக்கலாம், முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியில் இருக்கலாம், காட்பாடி ஆக்சிலியத்திலோ மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியிலோ திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியிலோ இருக்கலாம். ஆய்வு நடப்பது கல்லூரியில், பட்டம் வருவது பல்கலைக்கழகத்திலிருந்து. அதனால் ஒவ்வொரு காகிதமும் கைட், துறைத்தலைவர், கல்லூரி அலுவலகம், முதல்வர் என்று நான்கு மேசையைக் கடந்துதான் சேர்க்காடு போய்ச் சேரும். ஒரு மேசையில் ஒரு வாரம் தங்கினாலும் ஒரு மாதம் போய்விடும். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே உங்கள் காகிதம் கைட் மேசையில் இருக்க வேண்டும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வி.ஐ.டி. மாதிரி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை, எல்லாம் ஒரே வளாகத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் யூ.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) அடிப்படை விதிகள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

முதல் வாரம்: பெட்டிக் கோப்பும் உங்கள் பெயரும்

லாங் பஜார் பக்கம் போகும்போது மூடி போட்ட பெட்டிக் கோப்பு ஒன்று வாங்குங்கள். பதிவு ஆணை, கைட் ஒப்புதல், தகுதிச் சான்று, பகுதிநேரம் என்றால் வேலை செய்யும் இடத்தின் தடையில்லாச் சான்று, கட்டணச் சலான், கமிட்டி அறிக்கைகள், விடுப்பு ஆணை என எல்லாவற்றிலும் மூலம் ஒன்று, ஜெராக்ஸ் இரண்டு அதற்குள் போக வேண்டும். அன்றைக்கே போனில் ஸ்கேன் செய்து, கோப்பின் பெயரில் தேதியைப் போட்டு மின்னஞ்சலிலும் வைத்துவிடுங்கள். வெள்ளைத்தாள் ஒன்றை முதல் பக்கமாக வைத்து, எந்தக் காகிதம் எந்தத் தேதியில் வந்தது என்று ஒரு வரி எழுதிக்கொண்டே வாருங்கள். ஐந்து வருடம் கழித்து உங்கள் ஞாபகத்தை விட அந்தத் தாள்தான் நம்பகமானது.

நான் இதைச் செய்யவில்லை. மூன்றாம் வருடக் கட்டணத்தைக் கட்டினேன், சலானின் என் பகுதியைத் தொலைத்துவிட்டேன். அலுவலகப் பேரேட்டில் அந்தப் பதிவு விட்டுப்போயிருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் போன அன்று "இந்த வருடம் கட்டவில்லையே" என்றார்கள். வங்கிக் கிளைக்கு எழுதி, பழைய கணக்குப் பட்டியல் வாங்கி, அது நான் கட்டிய தொகைதான் என்று நிரூபிக்க இரண்டு மாதம் ஆனது. இப்போது ஆன்லைனில் கட்டினாலும் சரி, ரசீதைப் பி.டி.எஃப். ஆக இறக்கிவைக்காமல் அந்தப் பக்கத்தை மூடாதீர்கள்.

அடுத்தது பெயர். இது நம் ஊருக்கே உரிய சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், முதுகலைச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லை என்று நான்கு விதமாக இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் அதற்கும் மேல். செல்வி என்பதை நான்கு விதமாக எழுதலாம், நம்மவர்கள் நான்கு விதமாகவும் எழுதியிருப்பார்கள். பட்டத்தில் எந்தப் பெயர் வர வேண்டுமோ அதை முதல் வாரமே முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுதான் பாதுகாப்பு. பதிவுப் படிவம், கமிட்டி அறிக்கை, வெளியிடும் கட்டுரை, ஆய்வேட்டு முகப்பு எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே இடத்தில் இனிஷியல்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. ஆய்வு நடக்கும்போது கல்யாணம் ஆனால், பட்டம் கைக்கு வரும்வரை இனிஷியலை மாற்ற வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அரசிதழில் வெளியிட்டு, அந்த நகலோடு பல்கலைக்கழகத்துக்கு முறையாக எழுதி, ஆணை வாங்கிய பிறகு எல்லா இடத்திலும் மாற்றுங்கள். புகுந்த வீட்டில் ஆதாரை மட்டும் மாற்றிவிட்டு, ஆய்வேட்டில் பழைய பெயரும் அடையாள அட்டையில் புதுப் பெயருமாக நின்ற ஒரு தங்கைக்கு மூன்று மாதம் வீணாகப் போனது.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது

உங்கள் பதிவு எந்த ஆண்டோ, அந்தக் காலத்து விதிதான் பொதுவாக உங்களுக்குப் பொருந்தும். யூ.ஜி.சி. 2009-இல் ஒரு விதிமுறை கொண்டுவந்தது, 2016-இல் ஒன்று, 2022 நவம்பரில் ஒன்று. சீனியர் அண்ணன் சொல்வது அவருடைய விதி. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் பதிவு ஆணையில் என்ன குறிப்பிட்டிருக்கிறது என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த விதிப் புத்தகத்தையும் ஒரு நகல் எடுத்து முழுதாக ஒருமுறை படித்துவிடுங்கள். படிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

2022 விதிப்படி கோர்ஸ் ஒர்க்கையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. சேர்ந்த நாளிலிருந்து கணக்கு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு வரை நீட்டிக்கலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு, அதாவது மொத்தம் 10 ஆண்டு வரை இடம் இருக்கிறது. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக ஆய்வுக் காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை எடுக்கலாம். இது யாரோ தயவு பண்ணித் தருவது இல்லை, விதியில் உள்ள உரிமை. ஆனால் எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்தில் ஆணை வாங்கியிருக்க வேண்டும். "மேடத்திடம் சொல்லிவிட்டேன்" என்பது விடுப்பு ஆகாது.

நீட்டிப்புக்கும் இதே கதைதான். காலம் முடிவதற்கு முன்பே விண்ணப்பம் போக வேண்டும், முடிந்த பிறகு போனால் அது வேறு வழக்கு. போன் காலண்டரில் ஐந்தாம் ஆண்டு முடியும் தேதிக்கு ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகையில் இருப்பவர்களுக்கு அந்தத் தேதி இன்னும் முக்கியம். உதவித்தொகை 5 ஆண்டோடு நிற்கும், ஆய்வு அதற்குப் பிறகும் ஓடும். அந்த இடைவெளிக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதை நாலாம் ஆண்டிலேயே யோசிக்க வேண்டும்.

கோர்ஸ் ஒர்க், கமிட்டி, கைட்

கோர்ஸ் ஒர்க்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. குறைந்தது 12 கிரெடிட், ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறை பற்றிய தாள் அதில் கட்டாயம், 55 சதவீதம் மதிப்பெண் எடுத்தால்தான் தொடர முடியும். முதல் வாய்ப்பிலேயே முடித்துவிட்டு மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்குங்கள். பெயரைச் சரிபாருங்கள். பெட்டிக்குள் போடுங்கள்.

கமிட்டிதான் பெரிய விஷயம். ஆய்வு ஆலோசனைக் குழு என்று விதி சொல்லும், நம் பக்கம் டி.சி. (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங் என்போம். செமஸ்டருக்கு ஒருமுறை அதன்முன் உங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். பலர் இதை ஒரு கையெழுத்துச் சடங்காக நினைத்து, தேதி தள்ளிப் போனால் நிம்மதியாகிவிடுகிறார்கள். அப்படித் தள்ளிய கூட்டங்கள் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து வந்து நிற்கும். அறிக்கை வரிசையில் ஒரு ஆறு மாதம் விட்டுப்போனால் சமர்ப்பிப்பின்போது விளக்கக் கடிதம் கேட்பார்கள். குழு உறுப்பினர் இதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகியிருப்பார்.

அதனால் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு நீங்களே கைட்டிடம் தேதி கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, சங்கடமும் வேண்டாம். இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். போன முறை என்ன சொன்னார்கள், அதில் எதைச் செய்தேன், எதைச் செய்யவில்லை, ஏன், அடுத்த ஆறு மாதம் என்ன செய்வேன். கூட்டம் முடிந்த அன்றே கையெழுத்து வாங்குங்கள். அறிக்கையின் நகல் ஒன்று ஆய்வாளருக்கும் தர வேண்டும் என்று விதியே சொல்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கமிட்டி செய்த பெரிய உதவி ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு வரை வட ஆற்காடு முழுக்க உள்ள நடுகற்களை எல்லாம் எழுதிவிடுவேன் என்று இருந்தேன். ஒரு மூத்த பேராசிரியர் வரைபடத்தை விரித்து வைத்து, "அம்மா, இதில் எத்தனை ஊருக்கு நீங்கள் நேரில் போக முடியும்? ஞாயிற்றுக்கிழமையைக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்" என்றார். கணக்குப் போட்டேன். அன்றைக்கே செங்கம் வட்டாரத்தோடு எல்லையை நிறுத்தினேன். எல்லை சுருங்கிய பிறகுதான் என் ஆய்வு நகர்ந்தது. குடியாத்தம் கைத்தறியோ, பாலாற்றில் கலந்த தோல் கழிவோ, இலவம்பாடி முள் கத்திரிக்காயோ, உங்கள் தலைப்பு எதுவானாலும் எத்தனை ஊர், எத்தனை ஆண்டு, எத்தனை பேர் என்று எண்ணில் சொல்லிப் பாருங்கள். எண்ணில் சொல்ல முடியவில்லை என்றால் இன்னும் சுருக்க வேண்டும்.

கைட்டின் ஓய்வு வயதையும் சேரும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுக்கு 3 ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர் புதிதாக ஆய்வாளர் எடுக்கக் கூடாது என்பது 2022 விதி. ஏற்கெனவே எடுத்தவர்களுக்கு ஓய்வுக்குப் பிறகு இணை நெறியாளராகத் தொடரலாம், 70 வயது வரை. நடுவில் ஓய்வு வருகிறது என்றால் முதன்மை நெறியாளர் யார் என்ற மாற்ற ஆணை அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். இது அவருடைய வேலை என்று விட்டுவிடாதீர்கள், பட்டம் உங்களுடையது.

தட்டச்சு: தமிழில் எழுதுகிறவர்கள் மட்டும் நின்று படியுங்கள்

தமிழ், வரலாறு, சமூக அறிவியல் துறைகளில் தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் இந்த ஒரு இடத்தில் படும் பாடு கொஞ்சம் இல்லை. கையால் எழுதி டி.டி.பி. சென்டரில் கொடுப்போம். அவர்கள் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுப்பார்கள். அச்சில் பார்க்க அழகாக இருக்கும். கடைசியில் ஒப்புமைச் சோதனைக்கு (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருளில் பார்ப்பதற்கு) கோப்பைக் கொடுக்கும்போது அந்த மென்பொருளுக்கு அது தமிழே இல்லை, வெறும் ஆங்கிலக் குறிகளின் குவியல். எல்லாக் கணினியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடில் கொண்டுவா என்பார்கள்.

சரி, மாற்றியை வைத்து மாற்றிவிடலாம் என்று தோன்றும். மாற்றலாம். ஆனால் நடுவில் ஆங்கிலத்தில் அடித்திருந்த பெயர்கள், அடிக்குறிப்புகள், துணைநூற்பட்டியலின் ஆங்கிலப் பகுதி எல்லாம் சேர்ந்து பொருளில்லாத தமிழ் எழுத்துகளாக மாறிவிடும். கொம்பும் காலும் சில இடங்களில் பிரிந்து நிற்கும். 250 பக்கத்தையும் வரி வரியாகப் பார்க்க வேண்டும். என் தோழி ஒருத்திக்கு அது ஒரு கோடை விடுமுறை முழுக்கப் பிடித்தது. அக்னி நட்சத்திர வெயிலில், வேலூரில், மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து கொம்பு சேர்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் அத்தியாயத்தின் முதல் வரியிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள். தமிழ்99 விசைப்பலகை பழக இரண்டு வாரம் போதும். அதுவும் வேண்டாம் என்றால் ஆங்கில ஒலிப்பு முறையில் அடிக்கலாம், போனில் பேசியும் எழுத்தாக்கலாம். ஆனால் நீங்களே அடியுங்கள். நீங்களே அடிக்கும்போதுதான் வாதம் எங்கே தொய்கிறது என்பது விரலுக்குத் தெரியும். டி.டி.பி. சென்டருக்குக் கடைசிப் பக்க வடிவமைப்புக்கு மட்டும் போங்கள்.

ஒற்றுப்பிழைக்கு ஒரு வழி சொல்கிறேன். எழுதிய அன்று திருத்தாதீர்கள். பத்து நாள் கழித்து அச்செடுத்து, வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள். கண் விட்டுவிடும் 'க்', 'ச்', 'த்', 'ப்' எல்லாம் வாயில் தட்டும்.

துணைநூற்பட்டியலைக் கடைசியில் தயாரிக்கலாம் என்று விடவே விடாதீர்கள். காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை போய், எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ கன்னிமாராவிலோ தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலோ ஒரு நாள் உட்கார்ந்து குறிப்பு எடுத்திருப்பீர்கள். பதிப்பு ஆண்டும் பக்க எண்ணும் எழுதாமல் வந்தால் அந்த ஒரு எண்ணுக்காக இன்னொரு ரயில் பயணம். தலைப்புப் பக்கத்தையும் பதிப்புரிமைப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க விடாத இடம் என்றால் முதல் வேலையாக அந்த விவரங்களைக் கையால் எழுதிவிட்டு, அப்புறம் உள்ளே போங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் நிறைய இருக்கின்றன, டிக்கெட் எடுக்கும் முன் அங்கே தேடிப் பாருங்கள். கல்வெட்டு, நடுகல், சிற்பம் பற்றிய ஆய்வு என்றால் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள், அது நம் வாசலிலேயே இருக்கிறது.

கட்டுரை வெளியீடு

2016 விதியில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியீடும் இரண்டு கருத்தரங்க வாசிப்பும் வேண்டும். 2022 விதியில் யூ.ஜி.சி. அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனாலும் பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை வைத்துக்கொள்ளலாம். உங்கள் விதிப் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

யூ.ஜி.சி. கேர் பட்டியல், அதாவது யூ.ஜி.சி. ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியல், என்று சீனியர்கள் சொல்வார்கள். அந்தப் பட்டியலை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். இனி இதழ் நல்லதா என்பதைத் துறையும் கல்லூரியும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் "மூன்றே நாளில் வெளியீடு, சான்றிதழ் உடனே" என்று வரும் எதற்கும் பணம் கட்டாதீர்கள். மூன்று நாளில் யாரும் ஒரு கட்டுரையைப் படித்து மதிப்பிட முடியாது. அந்த இதழின் பழைய கட்டுரைகளில் நான்கைப் படித்துப் பாருங்கள். உங்கள் கட்டுரை அவற்றின் பக்கத்தில் நிற்பது உங்களுக்குப் பெருமையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்புமைச் சோதனை

2018-இல் வந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிப்படி 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு ஆண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாக மேற்கோள் காட்டிய பகுதி, துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, முகவுரை, சட்டப் பெயர்கள், குறியீடுகள் எல்லாம் கணக்கில் வராது. நடுகல் வாசகமோ சங்கப் பாடல் அடியோ மேற்கோள் குறிக்குள், மூலம் சொல்லி இருந்தால் பயப்பட வேண்டாம்.

மென்பொருளை ஏமாற்ற வரிகளில் சொல்லை மட்டும் மாற்றிப் போடும் வேலையைச் சிலர் பணம் வாங்கிச் செய்து தருகிறார்கள். அதன் பக்கமே போகாதீர்கள். "நடுகல்" "பாதிக் கல்" ஆகி வந்த ஒரு அத்தியாயத்தை என் கண்ணால் பார்த்தேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஒரு கேள்வி போதும், எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும். படித்த நூலை மூடி வைத்துவிட்டு, புரிந்ததை உங்கள் ஊர்த் தமிழில் யாருக்காவது சொல்வது போல் எழுதுங்கள். பிறகு நூலைத் திறந்து பக்க எண்ணைச் சேருங்கள்.

சினாப்சிஸிலிருந்து சமர்ப்பிப்பு வரை

எழுதி முடிந்ததும் முதலில் கமிட்டி முன்னால், மற்ற ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் இருக்கும் கூட்டத்தில், முன்சமர்ப்பிப்பு உரை. அங்கே சொல்லும் திருத்தங்களை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதி, எந்தப் பக்கத்தில் எப்படிச் சரிசெய்தேன் என்று ஒரு தாள் தயாரியுங்கள். அந்தத் தாள் பின்னால் மிகவும் உதவும்.

அடுத்தது ஆய்வுச் சுருக்கம், அதுதான் சினாப்சிஸ். இதிலுள்ள தலைப்பும் பதிவு ஆணையிலுள்ள தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தலைப்பில் ஒரு சொல் மாறியிருந்தாலும் தலைப்பு மாற்ற ஒப்புதல் வேண்டும். இதைக் கடைசி நேரத்தில் கவனித்துத் தவித்தவர்கள் நிறையப் பேர். சினாப்சிஸ் கொடுத்த பிறகு ஆய்வேட்டைக் கொடுக்க விதியில் ஒரு கால வரம்பு இருக்கும், அந்தத் தேதியைச் சுற்றிக் கட்டம் போட்டு வையுங்கள்.

நோ டியூஸ் (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்குவதை இந்த இடைவெளியில் முடித்துவிடுங்கள். நூலகம், விடுதி, துறை நூலகம், ஆய்வுக்கூடம், கட்டணப் பிரிவு. திருப்பித் தராத புத்தகம் ஒன்று உங்கள் பெயரில் இருக்கலாம். விடுதி முன்பணமும் அப்போதே கேளுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் விதிப் புத்தகத்தை மீண்டும் எடுங்கள். ஓரம் எவ்வளவு, எழுத்தளவு எவ்வளவு, அட்டை நிறம் என்ன, எத்தனை பிரதி, குறுந்தகடா பென்டிரைவா என்று அதில் இருக்கும். முதலில் ஒரே ஒரு பிரதி சுருள் பைண்டிங் போட்டுக் கைட்டிடம் கொடுத்து, நன்சான்றிதழ்ப் பக்கத்தையும் உறுதிமொழிப் பக்கத்தையும் அவர் முன்னாலேயே சரிபார்த்த பிறகு, கெட்டி அட்டைக்குப் போங்கள். தங்க எழுத்து அடித்த பிறகு அட்டையில் பிழை கண்டுபிடித்தால் எல்லாப் பிரதியும் வீண். சேர்க்காட்டில் கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டில் தேதியும் முத்திரையும் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பேருந்து ஏற வேண்டும். திருப்பத்தூரிலிருந்தோ வாணியம்பாடியிலிருந்தோ வருகிறவர்களுக்கு ஒரு திருத்தம் என்றால் இன்னொரு முழு நாள்.

காத்திருப்பும் வைவாவும்

ஆய்வேடு வெளியிலிருந்து குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்களுக்குப் போகும். சமர்ப்பித்ததிலிருந்து வைவா முடிவு வரை 6 மாதத்துக்குள் முடிய வேண்டும் என்று 2022 விதி சொல்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கைட் மூலமாக மரியாதையாக எழுதிக் கேளுங்கள், கேட்ட கடிதத்தின் நகலைப் பெட்டியில் வையுங்கள். ஒரு தேர்வாளர் வேண்டாம் என்று எழுதிவிட்டால் உடைந்துபோகாதீர்கள். பட்டியலிலுள்ள மாற்றுத் தேர்வாளருக்கு அது போகும், அவர் ஏற்றுக்கொண்டால் வைவா நடக்கும்.

வைவா பொதுக்கூட்டம் மாதிரி, யாரும் வரலாம், யாரும் கேட்கலாம். தேர்வாளர் அறிக்கையிலுள்ள ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பத்தியில் விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "அதைப் பார்க்கவில்லை ஐயா, என் எல்லைக்குள் அது வரவில்லை, காரணம் இது" என்று சொல்வது நல்ல விடை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதுதான் சிக்கலில் விடும். முடிந்தால் அம்மா, அப்பாவை அழைத்துப் போய் முன்வரிசையில் உட்கார வையுங்கள். என் அம்மாவுக்கு நான் பேசியதில் பாதி புரிந்திருக்காது. ஆனால் நடுகல்லில் குதிரை மேல் இருந்த வீரனின் படத்தைத் திரையில் காட்டியபோது, "இது நம்ம ஊர் வேடியப்பன் சாமி மாதிரி இருக்கே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். தேர்வாளர் அதைக் கேட்டு, அதிலிருந்தே ஒரு கேள்வி கேட்டார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வைவாவுக்காகக் கடன் வாங்காதீர்கள். விருந்து, சால்வை, பரிசு எதுவும் எந்த விதியிலும் இல்லை. நகையை அடகு வைத்துப் பிரியாணி போட்ட பிள்ளைகளைப் பார்த்து மனம் வலித்திருக்கிறது. தேநீரும் ஒரு வடையும் போதும்.

கையில் பட்டம் வரும்வரை

வைவா முடிந்ததும் எல்லோரும் முனைவர் என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள், நமக்கும் வேலை முடிந்த மாதிரி இருக்கும். இன்னும் சில காகிதங்கள் இருக்கின்றன. திருத்தம் சொல்லியிருந்தால் திருத்திய பிரதி, அதைச் சரிபார்த்ததாகக் கைட் சான்று. ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் சோத்கங்கா தளத்துக்கான மின்பிரதி, இதிலும் தமிழ் யூனிகோடாக இருந்தால்தான் பிற்காலத்தில் யாராவது தேடும்போது உங்கள் ஆய்வேடு கிடைக்கும். அப்புறம் தற்காலிகச் சான்றிதழ். அதோடு, யூ.ஜி.சி. விதிப்படி பட்டம் வழங்கப்படுகிறது என்ற சான்றையும் மறக்காமல் கேளுங்கள், உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கடைசியாகப் பட்டமளிப்பு விழாவுக்கான விண்ணப்பம். விழாவுக்கு வர முடியாது என்றாலும் விண்ணப்பம் போட்டாக வேண்டும், போடாதவருக்குப் பட்டம் தானாக வீடு தேடி வராது.

பட்டம் கைக்கு வந்த அன்று முதலில் உங்கள் பெயரையும் தலைப்பையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பிழை இருந்தால் அன்றே எழுதிக் கொடுங்கள். இரண்டு ஸ்கேன் எடுத்து ஒன்றை மின்னஞ்சலில் வையுங்கள், டிஜிலாக்கரில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபிரேம் போட வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டால் நகலைப் போடுங்கள். மூலத்தை லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கோ மேலாய்வுக்கோ சான்றொப்பம் வாங்கும்போது முத்திரை காகிதத்தின் மேல்தான் விழ வேண்டும். மூலத்தை மடிக்காமல் ஒரு உறையில் போட்டு, முதல் வாரம் வாங்கிய அந்தப் பெட்டிக் கோப்புக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.